வேலூரில் 50 எம்எம் லென்ஸ் வாங்கப் போகிறவர்கள் படத்தின் ஓரத்தைப் பார்த்து வாங்குங்கள்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, குடியாத்தம் பக்கம் கல்யாண வேலை செய்கிற போட்டோகிராஃபர்கள், புதிதாக மிரர்லெஸ் கேமரா (உள்ளே ஆடி இல்லாத புது ரகம்) வாங்கியிருக்கிற தம்பிகள் எல்லோரும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எங்கள் ஊர்க் கடை ஒன்றில், ஏற்கெனவே ஒருவர் வாங்கிப் பயன்படுத்திய, உள்ளே பிரித்து மாட்டிய லென்ஸைப் புதுசு என்று சொல்லி என் தலையில் கட்டிவிட்டார்கள். ஐம்பதாயிரத்தைத் தாண்டிய பணம். நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன், அது முடியும் வரை கடையின் பெயரைப் போடப் போவதில்லை. ஆனால் விற்ற விதமும், கேட்டபோது சொன்ன சாக்குகளும் வேறு எந்தக் கடையிலும் உங்களுக்கு நடக்கலாம், அதனால் முழுசாக எழுதுகிறேன்.

நான் வாங்கியது ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) மிரர்லெஸ் கேமராவுக்கான 50 எம்எம், எஃப் 1.4. எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் வாய், அதாவது அப்பர்ச்சர், அகலமாகத் திறந்து வெளிச்சம் அதிகம் வாங்கும். நம் பக்கம் முகூர்த்தம் எல்லாம் விடியற்காலை நாலரை ஆறு என்றுதான் வருகிறது, மண்டபத்தில் மேடை விளக்கைத் தவிர வெளிச்சம் கிடையாது, ஹோமப் புகை வேறு. எஃப் 2.8 ஜூமை வைத்துக்கொண்டு ஐஎஸ்ஓவை, அதாவது சென்சாரின் வெளிச்ச உணர்வை, 6400-க்கு ஏற்றினால் பெண்ணின் முகத்தில் புள்ளி புள்ளியாக வந்து நிற்கும். எஃப் 1.4 அதைவிட நாலு மடங்கு வெளிச்சம் வாங்கும், அதே ஷட்டர் வேகத்தில் ஐஎஸ்ஓ 1600 போதும். ஃபிளாஷ் அடிக்காமல் தாலி கட்டும் நேரத்தை எடுக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை, அதற்காகச் சேர்த்த பணம்.

கடையில் என் கேமராவிலேயே மாட்டிக் காட்டினார்கள். வேலை செய்கிற பையனை ஒரு மீட்டர் தூரத்தில் நிறுத்தி, எஃப் 1.4-ல் எடுக்கச் சொன்னார்கள். கண்ணில் ஃபோகஸ் பச்சையாக விழுந்தது. கடைக்காரர் கேமராத் திரையில் பெரிதாக்கி, “பாருங்கண்ணா, இமை முடியை ஒவ்வொண்ணா எண்ணலாம்” என்றார். உண்மைதான், எண்ணலாம். அந்தத் தூரத்தில் எஃப் 1.4 வைத்தால் சுமார் 3 சென்டிமீட்டர் ஆழம்தான் ஃபோகஸில் இருக்கும், கண்ணைத் தவிர மற்றதெல்லாம் கரைந்துபோகும், அந்த அழகில் யாருக்கும் வேறு எதுவும் கண்ணில் படாது. படத்தின் நடுப்பகுதி பெரும்பாலும் எந்த லென்ஸிலும் நன்றாகவே இருக்கும். கெட்டுப்போன லென்ஸை விற்பதற்கு இதைவிட நல்ல வழி இல்லை என்று இப்போது தெரிகிறது: ஒரு முகம், நடுவில், கிட்டத்தில், முழுசாகத் திறந்த அப்பர்ச்சரில்.

பெட்டியில் டேப் ஒட்டியிருந்தது, வாரண்டி கார்டு இருந்தது. “பில் வேணாம்னா ஜிஎஸ்டி மிச்சம்ணா” என்று ஆரம்பித்தார். 18 சதவீதம் என்பதால் பெரிய தொகைதான், ஆனாலும் பில் போட்டே ஆக வேண்டும் என்று சொல்லி வாங்கினேன். அந்தப் பில்தான் இன்றைக்கு என் கையில் இருக்கிற ஆயுதம்.

மறுநாளே வள்ளிமலையில் தங்கை மகளுக்குக் காதுகுத்து. குடும்பம் மொத்தமும் படிக்கட்டில் வரிசையாக நிற்க, நாலு மீட்டர் தள்ளி நின்று எஃப் 5.6-ல் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் வலது கோடியில் நிற்கிற சித்தியின் ஆரணிப் பட்டில் ஜரிகைக் கட்டம் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறது, நூல் பிசிறு கூடத் தெரிகிறது. இடது கோடியில் பெரியம்மாவின் புடவையில் ஜரிகை இருக்கிற இடமே மஞ்சளாக இழுவிக்கொண்டு கிடக்கிறது. மூக்குத்திக் கல் இரண்டாகத் தெரிகிறது. கை ஆட்டமா என்றால் மற்ற எல்லோரும் கூர்மையாக இருக்கிறார்கள். ஃபோகஸ் தவறியதா என்றால் நாலு மீட்டரில் எஃப் 5.6 வைத்தால் முன்னும் பின்னுமாகச் சேர்த்து சுமார் 2 மீட்டர் ஆழம் ஃபோகஸில் இருக்க வேண்டும், பெரியம்மா அதற்குள்தான் நிற்கிறார்.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளக் கோட்டைக்குப் போனேன். வேலூர்க்காரர்களுக்கு இப்படி ஒரு வசதி இருக்கிறது: அகழிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தால் எதிரே கருங்கல் மதில், வரிசை வரிசையாகக் கல் இணைப்புகள். லென்ஸ் சோதிக்க இதைவிட நல்ல சுவர் கிடைக்காது. தூரம் இருப்பதால் நாம் நிற்பது அங்குலம் இரண்டங்குலம் கோணலாக இருந்தாலும் பாதிக்காது. முக்காலியில் கேமராவை வைத்து, ஆட்டத்தைக் குறைக்கிற ஸ்டெபிலைசேஷனை அணைத்து, இரண்டு விநாடி டைமர் போட்டு, ரா ஃபைலாக (கேமரா திருத்தாத அசல் பதிவாக) எஃப் 1.4, 2, 2.8, 4, 5.6, 8 என்று வரிசையாக எடுத்தேன். ஜேபெக்கில் பார்க்காதீர்கள், கேமராவே ஓர இருட்டையும் வளைவையும் சரிசெய்து, ஷார்ப்பனிங்கும் போட்டுக் கொடுத்துவிடும், லென்ஸின் உண்மையான குணம் மறைந்துபோகும்.

வலது ஓரம் 1.4-ல் கொஞ்சம் மென்மை, 2.8-ல் நன்றாக வந்துவிட்டது. இடது ஓரம் 8 வரை போயும் வரவில்லை. ஃபோகஸ் புள்ளியை இடது ஓரத்திலேயே வைத்து எடுத்தும் பார்த்தேன், அப்போதும் கல் இணைப்பு சேறு மாதிரிதான் இருந்தது. பிறகு கேமராவைத் தலைகீழாகக் கவிழ்த்து அதே மதிலை எடுத்தேன். முன்பு மங்கலாக இருந்த மதில் பகுதி இப்போது தெளிவு, தெளிவாக இருந்த பகுதி மங்கல். அதாவது கோளாறு மதிலிலோ நான் நின்ற கோணத்திலோ இல்லை. கேமரா சென்சார் சாய்ந்திருக்குமோ என்று என் பழைய ஜூமை 50-ல் வைத்து எடுத்தேன், நாலு மூலையும் சமமாக இருந்தது. ஆக லென்ஸ்தான்.

இதை டிசென்டரிங் என்பார்கள். இந்த மாதிரி லென்ஸுக்குள் பத்துக்கும் மேற்பட்ட கண்ணாடிகள் இருக்கலாம், எல்லாம் ஒரே அச்சில் நிற்க வேண்டும். கீழே விழுந்தாலோ, தெரியாதவர்கள் பிரித்து மாட்டினாலோ ஒரு கண்ணாடி துளி சாய்ந்துவிடும். எஃப் 1.4 போல வாய் அகலமான லென்ஸில் அந்தத் துளி சாய்வே பெரிதாகத் தெரியும்.

படங்களை லேப்டாப்பில் போட்டு எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அங்கே சொன்ன சாக்குகளை அப்படியே எழுதுகிறேன், உங்களுக்கும் இதையேதான் சொல்வார்கள்.

முதலில், “1.4 லென்ஸ்னா ஓப்பன்ல ஓரம் சாஃப்ட்டாத்தான்ணா இருக்கும்.” இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அந்த மென்மை இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருக்க வேண்டும், அப்பர்ச்சரை மூட மூடச் சரியாக வேண்டும். ஒரு பக்கம் மட்டும், அதுவும் எஃப் 8 வரைக்கும் மங்கலாக இருப்பதை லென்ஸின் குணம் என்று சொல்லவே முடியாது. இதைச் சொன்னதும் பேச்சை மாற்றினார்.

அடுத்து, “உங்க பாடியில ஃபோகஸ் ஃபைன் ட்யூன் பண்ணணும், ஆயிரம் ரூபா ஆகும், விட்டுட்டுப் போங்க.” இதுதான் எனக்குக் கோபத்தைக் கிளப்பியது. அது உள்ளே ஆடி இருக்கிற பழைய டிஎஸ்எல்ஆர் கேமராக் கதை. அதில் ஃபோகஸ் பார்க்கிற சென்சார் தனி, படம் பதிகிற சென்சார் தனி, இரண்டுக்கும் இடையே வித்தியாசம் வந்தால் சரிசெய்ய வேண்டியிருந்தது. மிரர்லெஸ் கேமராவில் படம் பதிகிற சென்சாரே ஃபோகஸையும் பார்க்கிறது. அப்புறம் ஃபைன் ட்யூன் செய்தால் படம் முழுவதிலும் ஃபோகஸ் முன்னே பின்னே நகருமே தவிர, இடது பக்கம் மட்டும் எப்படிச் சரியாகும்? விஷயம் தெரியாத ஒரு பையனாக இருந்தால் ஆயிரம் ரூபாயும் கொடுத்து, நல்ல கேமராவையும் அவர்கள் கையில் விட்டுவிட்டு வந்திருப்பான்.

கடைசியாகச் சுவரில் ஒட்டியிருந்த அட்டையைக் காட்டினார்: விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது.

சென்னையில் அந்த லென்ஸ் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போனேன். கவுன்டரில் இருந்த பெண் சீரியல் நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, “சார், இது வேற ஒருத்தர் பேர்ல ரிஜிஸ்டர் ஆகியிருக்கே, வாரண்டி எப்பவோ ஸ்டார்ட் ஆயிடுச்சு” என்றார். டெக்னீஷியன் லென்ஸைத் திருப்பி, கேமராவில் மாட்டுகிற வளையமான மவுண்ட்டைக் காட்டினார். நாலு திருகில் இரண்டின் தலையில் வெள்ளி வெள்ளியாகக் கீறல், ஸ்க்ரூடிரைவர் வழுக்கிய தடம். முன் வளையத்துக்குக் கீழே ஒரு இடத்தில் தூசு உள்ளே போயிருந்தது. எங்கள் ஆட்கள் பிரித்தது இல்லை, வெளியே யாரோ பிரித்திருக்கிறார்கள் என்று எழுதியே கொடுத்தார்கள். பில்லில் கடைக்காரர் சீரியல் நம்பர் போடாமல் வெறும் “50 எம்எம் லென்ஸ் 1” என்று மட்டும் அடித்துக் கொடுத்ததன் காரணம் அப்போதுதான் விளங்கியது. நல்ல வேளையாக வாரண்டி கார்டில் கடை முத்திரையோடு நம்பர் இருந்தது.

இனி சட்டம். விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று அட்டை மாட்டிவிட்டால் கதை முடிந்தது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி குறைபாடுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும் பணத்தைத் தர மறுப்பதும் முறையற்ற வணிக நடைமுறை. பில்லில் போட்ட கெடுவுக்குள் பணத்தைத் தர வேண்டும், கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாளுக்குள். பில் தராமல் இருப்பதும் அதே பட்டியலில்தான் வருகிறது. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் போட்டுப் புகாரைப் பதியலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. நாம் வசிக்கிற மாவட்டத்திலேயே போடலாம் என்பதால் வெளியூர்க் கடையில் வாங்கியிருந்தாலும் வேலூரிலேயே மனு கொடுக்கலாம். இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும் என்று தம்பிகள் கேட்கிறார்கள். முதலில் நம்பர். பெட்டியில் இருக்கிற சீரியல் நம்பரும் லென்ஸில் இருக்கிற நம்பரும் ஒன்றா பாருங்கள், அதே நம்பரைப் பில்லில் அடிக்கச் சொல்லுங்கள், அடிக்க மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். இறக்குமதிப் பொருள் என்றால் பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்ஆர்பி, மாதம் வருடம் எல்லாம் ஒட்டியிருக்க வேண்டும், அது இல்லாத பெட்டிக்கு இங்கே வாரண்டி கிடைப்பது சந்தேகம். மவுண்ட் திருகுகளை வெளிச்சத்தில் பாருங்கள். செல்போன் டார்ச்சைப் பின்பக்கம் பிடித்து முன்பக்கமாகச் சாய்த்துப் பார்த்தால் புகை படிந்தது, பூஞ்சை நூல், விரல் தடம் எல்லாம் தெரிந்துவிடும். அப்புறம் கடைக்குள் யார் முகத்தையும் எடுக்காதீர்கள், வாசலுக்கு வந்து எதிர்ச்சாரியில் தூரத்தில் இருக்கிற ஒரு பெயர்ப்பலகையைப் பிடியுங்கள். அதை இடது மேல் மூலையில் வைத்து அங்கேயே ஃபோகஸ் செய்து ஒரு படம், வலது மேல், இடது கீழ், வலது கீழ் என்று ஒவ்வொன்று. நாலிலும் எழுத்து ஒரே தெளிவில் இருக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. வெளியே எடுத்துப் போகக் கூடாது என்று தடுக்கிற கடையில் வாங்கவே வேண்டாம்.

இன்னொன்றும் அதே கடையில் என் கண் முன்னால் நடந்தது. 1.8 கேட்டு வந்த ஒரு பையனை 1.4-க்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டுக்கும் வெளிச்ச வித்தியாசம் ஒரு ஸ்டாப்பில் (ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு வெளிச்சம்) மூன்றில் இரண்டு பங்குதான், பல கம்பெனிகளில் விலை வித்தியாசமோ பல மடங்கு. நிக்கான் இசட் மவுண்ட்டில் வருகிற 50 எம்எம் 1.8 எஸ் போன்றவை 1.8-லேயே ஓரம் வரை நல்ல ஷார்ப். அந்தப் பையன் கையில் இருந்தது கிராப் சென்சார் (ஃபுல் ஃப்ரேமைவிடச் சின்ன சென்சார்) கேமரா வேறு, அதில் 50 போட்டால் 75 எம்எம் பார்வைதான் வரும், வீட்டுக்குள் குடும்பப் படம் எடுக்கச் சுவரோடு முதுகை ஒட்டி நிற்க வேண்டும். அவனுக்கு வேண்டியது 35 எம்எம். அதைச் சொல்ல அந்தக் கடையில் ஆள் இல்லை, நான்தான் சொல்லி அனுப்பினேன்.

என் விஷயம் இப்போது இப்படி நிற்கிறது. 1915-ல் புகார் பதிந்த பிறகுதான் கடையிலிருந்து போன் வந்தது, பத்து சதவீதம் கழித்துக்கொண்டு மீதியைத் தருகிறோம் என்று. புதுசு என்று ஏமாற்றி விற்றதற்கு நான் எதற்குப் பத்து சதவீதம் கொடுக்க வேண்டும்? முடியாது என்று சொல்லிவிட்டு, சர்வீஸ் சென்டர் அறிக்கை, பில், வாரண்டி கார்டு, கோட்டை மதில் படங்கள், காதுகுத்துப் படம் எல்லாவற்றையும் சேர்த்து மாவட்ட ஆணையத்தில் மனு கொடுத்துவிட்டேன். லென்ஸைக் கவரில் போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். எனக்கு முன்னால் அந்த லென்ஸைத் தன் பெயரில் பதிந்தவர் இந்தப் பக்கத்துக்காரராகவே இருக்கக்கூடும். போன வருடம் இங்கே 50 எம்எம் 1.4 வாங்கி, ஓரம் சரியில்லை என்று திருப்பிக் கொடுத்தவர் யாராவது இருந்தால் எனக்குத் தகவல் சொல்லுங்கள், உங்கள் பில் நகல் ஒன்று கிடைத்தால் வழக்குக்குப் பெரிய உதவியாக இருக்கும்.