பிளைவுட் வெட்ட டவுன்கட் பிட்டா, கம்ப்ரெஷன் பிட்டா?

ரெண்டு பக்கமும் வெனியர் (மெல்லிசான மரத்தோல்) இருக்குற 18 எம்எம் பிளைவுட்ட சிஎன்சி ரவுட்டர்ல (கம்ப்யூட்டர் ஓட்டுற வெட்டு மெஷின்) வெட்டணும்னா இந்த கேள்வி வந்துரும். டவுன்கட் பிட் (பிட்னா சுத்தி வெட்டுற அலகு) தூள கீழ அமுக்கும், அதனால மேல்பக்கம் சிலும்பு இல்லாம பளிச்னு வரும், ஷீட்டும் டேபிளோட அழுந்தி நிக்கும், ஆனா தூள் வெளிய வராம பள்ளத்துக்குள்ளயே கெடந்து சூடாகும், அடிப்பக்கமும் பிஞ்சு போகும் (கீழ எம்டிஎஃப் பலகை போட்டா கொஞ்சம் கொறையும்).

கம்ப்ரெஷன்ல நுனி மட்டும் தூள மேல தள்ளும், மிச்சம் கீழ தள்ளும், ரெண்டு முகமும் சுத்தம். வெலதான் கூட. இங்கதான் பலபேர் கோட்டை விடுறாங்க, மொத பாஸே (பிட் ஒரு தடவ ஓடி வெட்டுறது) அந்த நுனிப் பகுதிய தாண்டி ஆழமா இறங்கணும், 1 எம்எம் 2 எம்எம்னு சுரண்டுனா மேல்பக்கம் பியத்தான் செய்யும், அதுக்குப் போய் அவ்ளோ காசு எதுக்கு? வாங்குறப்பவே நுனி எவ்ளோ நீளம்னு பாத்துக்கங்க. பெல்ட்ல ஓடுற சின்ன மெஷின் அந்த ஆழத்துக்கு திணறும், அதுல டவுன்கட்டே போதும், ஷெல்ஃப் சொருகுற பள்ளம் மாதிரி பாதி ஆழ வேலைக்கும் அதுதான். ஷீட்ட உறிஞ்சிப் புடிக்கிற வேக்யூம் டேபிள் வச்ச பெரிய மெஷின்ல ஒரே பாஸ்ல அறுக்குறவங்க யோசிக்காம கம்ப்ரெஷன் போடலாம்.