லூப் ஹாபிட் டிராக்கர்: ஒன்றரை ஷிஃப்ட் ஊருக்கு ஒத்துவரும் செயலி

பழக்கங்களைக் குறித்துவைக்கும் கைப்பேசிச் செயலிகளில் பெரும்பாலானவை, தினமும் ஒரே நேரத்தில் வேலைக்குப் போய் ஒரே நேரத்தில் வீடு திரும்புகிறவர்களுக்காகவே செய்யப்பட்டவை போலத் தோன்றும். கொங்கு நாட்டில் அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று தெரியவில்லை. திருப்பூரில் ஷிப்மென்ட் தேதி நெருங்கிவிட்டால் பனியன் கம்பெனிக்குக் காலையில் போனவர் ஒன்றரை ஷிஃப்ட் முடித்து இரவில்தான் வருவார், பல்லடம், சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டுகிறவருக்குப் பகல் ஷிஃப்டும் இரவு ஷிஃப்டும் மாறி மாறி அமையும், பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்காலை நம்பித் தோட்டம் வைத்திருப்பவர், முறைத் தண்ணீர் நள்ளிரவில் வந்தாலும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போயாக வேண்டும். இத்தகைய வீடுகளில் 'தினமும் காலை 5 மணிக்கு நடைப்பயிற்சி' என்னும் தீர்மானம் முதல் வாரத்தைத் தாண்டினாலே பெரிது.

லூப் ஹாபிட் டிராக்கரை நான் பரிந்துரைப்பதற்கு முதற்காரணம், தவறிப்போன நாளை அது நடத்தும் விதம். மற்ற பல செயலிகள் இடைவிடாத நாள்களின் எண்ணிக்கையையே பெரிதாகக் காட்டுவதால், ஒரு நாள் விட்டால் கணக்கு பூஜ்யத்துக்கு வந்துவிடும். அதோடு ஆர்வமும் போய்விடும். லூப்பிலும் அந்த எண்ணிக்கை உண்டென்றாலும், ஒவ்வொரு பழக்கத்துக்கும் தனியாக ஒரு மதிப்பெண் விழுக்காட்டில் தரப்படுகிறது. செய்த நாளில் அது ஏறும், விட்ட நாளில் சற்று இறங்கும்; அண்மை நாள்களுக்குக் கூடுதல் மதிப்பு உண்டு என்றாலும், நெடுநாள் கடைப்பிடித்த ஒன்று இரண்டு நாள் தவறியதால் அழிந்துவிடுவதில்லை. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஃபிலிப்பா லாலியும் உடனிருந்தோரும் 96 பேரை வைத்துச் செய்து 2010இல் இதழில் அச்சான ஆய்வும் இதற்கு இசைவானதே: ஒரு பழக்கம் படிய 18 முதல் 254 நாள் வரை ஆகலாம் என்றும், இடையில் ஒருமுறை தவறுவது பெரிய பாதிப்பை உண்டாக்கவில்லை என்றும் அது கண்டது. (21 நாளில் எல்லாம் மாறிவிடும் என்று மேடையில் பேசுவோர் இதைப் படித்தால் நல்லது.)

'வாரத்தில் மூன்று முறை', 'இரண்டு நாளுக்கு ஒருமுறை' என்று இலக்கை அமைக்கலாம். எந்தக் கிழமை என்று சொல்ல வேண்டியதில்லை. தொலைவு, பக்கம் போன்றவற்றை எண்ணாகக் குறித்து வார இலக்கும் வைக்கலாம். இரவு வேலைக்காரர்களுக்குப் பெரிதும் உதவுவது, அமைப்புகளுக்குள் ஒதுங்கிக் கிடக்கும் ஒரு வசதி: அதை இயக்கினால் புதிய நாள் நள்ளிரவில் அல்லாமல் அதிகாலை 3 மணிக்குத்தான் தொடங்கும். காய்ச்சலுக்கும் மாரியம்மன் நோம்பிக்கும் 'விலக்கு' போட்டுக்கொள்ளலாம், மதிப்பெண் குறையாது. ஆனால் சோம்பலுக்கும் அதையே போடத் தொடங்கினால் செயலி தடுக்காது என்பதால், எதற்கெல்லாம் விலக்கு என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்வது உத்தமம்.

குறைகளும் உண்டு. நினைவூட்டல் மணி நீங்கள் வைத்த நேரத்துக்கே அடிக்கும். ஷிஃப்ட் மாறியது அதற்குத் தெரியாது, ஒவ்வொரு முறையும் நீங்கள்தான் மாற்ற வேண்டும் அல்லது ஒத்திப்போட வேண்டும். இந்த ஒன்றைச் சரிசெய்திருந்தால் நம் ஊருக்கென்றே செய்ததாகச் சொல்லிவிடலாம். ஐஃபோனில் கிடைக்காது, ஆண்ட்ராய்டில் மட்டுமே.

காசு கிடையாது, விளம்பரம் கிடையாது, கணக்குத் தொடங்கவும் தேவையில்லை; மூலநிரலும் திறந்தே வைக்கப்பட்டுள்ளது. இணையம் இல்லாமலே இயங்குவதால் உங்கள் விவரங்கள் கைப்பேசியிலேயே தங்கிவிடுகின்றன. அதே காரணத்தால், புதுக் கைப்பேசி வாங்குகிறவர் பழையதைக் கடையில் மாற்றிக் கொடுப்பதற்கு முன் காப்புக் கோப்பை எடுத்துப் புதியதில் ஏற்றிவிட வேண்டும்.