ரெசிஸ்டர் கால் மடக்க எந்தக் கொறடு? நாலு வருஷ பெஞ்சுக் கணக்கு

மூன்று ஃபேஸில் ஒன்று போனால் மோட்டாரை நிறுத்தும் சிங்கிள் ஃபேஸ் பிரிவென்டர், வாட்டர் லெவல் கன்ட்ரோலர், நூல் அறுந்தால் தறியை நிறுத்தும் ஸ்டாப் மோஷன் கார்டு. கோயமுத்தூர், பல்லடம், சோமனூர் பக்கத்துச் சின்ன பெஞ்சுகளில் இந்த மாதிரி வேலைதான் அதிகம். துளையில் கால், அதாவது உருப்படியின் கம்பி முனை, நுழைத்து ஈயம் (சால்டர்) வைக்கிற போர்டுகள். ஒரு கார்டுக்கு முப்பது, நாற்பது உருப்படிக்குக் கால் மடக்க வேண்டியிருக்கும். இதற்காக நாலு வருஷமாகப் புழங்கிய கைக்கருவிகளில் எது நின்றது, எது ஒரே மாதத்தில் டிராயருக்குள் போனது என்பதுதான் இந்தப் பதிவு.

வாங்கப் போகும் முன் ஒன்று தெளிவாக இருக்கட்டும். கொறடு காலைப் பிடிக்கத்தான், மடக்குவது விரல். உடலுக்கும் மடிப்புக்கும் நடுவில் கொறட்டின் மூக்கு உட்கார வேண்டும். நுனியைக் கொறட்டில் பிடித்துக்கொண்டு கையைத் திருப்பினால் அந்த இழுப்பு முழுக்க உடலுக்குள் போகும். ரெசிஸ்டரில் முனைத் தொப்பி தளரும். 1என்4148 மாதிரி கண்ணாடி டயோடில் மயிரிழை விரிசல் விழும். மீட்டர் வைத்தால் அன்றைக்கு நல்லதாகவே காட்டும், போர்டு சூடானதும் கோளாறு பண்ணும். கண்ணாடி ஜீனர் டயோடுகளும் இதே ஜாதிதான்.

அளவுக்கு, எலக்ட்ரானிக் போர்டு வேலைக்கான ஐபிசி-ஏ-610 என்ற தர விதி சொல்வதை வைத்துக்கொள்ளலாம். உடல் முடியும் இடத்துக்கும் மடிப்பு தொடங்கும் இடத்துக்கும் நடுவே குறைந்தது காலின் ஒரு முழு விட்டம் அளவு நேராக இருக்க வேண்டும், அதுவும் 0.8 மி.மீ.க்குக் கீழே போகக் கூடாது. மடிப்பின் உள்வளைவு ஆரம், 0.8 மி.மீ.க்கு மெல்லிய காலுக்கு ஒரு விட்டம், 0.8 முதல் 1.2 வரை ஒன்றரை விட்டம், அதற்கு மேல் இரண்டு விட்டம். கொறட்டின் தடம் காலின் விட்டத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் பள்ளமாக விழக் கூடாது. 0.6 மி.மீ. காலுக்கு அது 0.06 மி.மீ. தான். பல் வைத்த மூக்கு கொஞ்சம் அழுத்தினாலே அதைத் தாண்டிவிடும்.

அதனால்தான் எலக்ட்ரீஷியன் பையில் கிடக்கும் ஆறு இஞ்ச் நோஸ் பிளேயர் இந்த வேலைக்கு ஆகாது. டப்பாரியாவின் நோஸ் பிளேயர் பேனல் வயரிங்குக்கு அருமையான கருவி. அதை இங்கே கொண்டு வந்து குறை சொல்வது நியாயமில்லை. அதன் பல் வயரைப் பிடிக்க வெட்டியது. அந்தப் பல் காலில் படும்போது வெள்ளீயப் பூச்சு கீறி உள்ளே செம்போ இரும்போ தெரியும். கீறல் மடிப்பிலேயே விழுந்தால் அங்கேதான் பிற்பாடு ஒடியும்.

பல்லைத் தேய்த்து எடுத்துவிடலாமே என்று தோன்றும். கிரைண்டரில் வைத்தால் மூக்கு நீலமாகி, டெம்பர் என்கிற இரும்பின் கடினம் போய்விடும். ஆயில் கல்லில் பொறுமையாகத் தேய்த்தாலும் இரண்டு தாடையும் நுனியில் சேராமல் இடைவெளி விழும். ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் மாட்டிப் பார்த்ததில் நாலைந்து நாளில் வழுக்கிக் கழன்றது, மூக்கும் தடித்துப் போனது. ஒட்டு வேலை பலிக்கவில்லை.

நின்றது எது என்றால், 115 முதல் 125 மி.மீ. நீளமுள்ள, பல் இல்லாத தட்டை மூக்குக் கொறடு. ஸ்பிரிங் தானாகத் திறக்க வேண்டும். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் மடக்கும்போது கையைக் காப்பாற்றுவது அந்த ஸ்பிரிங்தான். மூக்கின் ஓரம் கத்தி போல இருக்கக் கூடாது. புதுசாக இருக்கும்போது பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். எமரி பேப்பரில் உருட்டித் தேய்த்து ஓரத்தை மழுக்கிவிடுங்கள். வாங்கின அன்றே செய்ய வேண்டிய வேலை இது. நிப்பெக்ஸ், லிண்ட்ஸ்ட்ராம் போன்ற வெளிநாட்டுக் கொறடுகளில் இணைப்பு ஆடாது, தாடை நேராகச் சேரும். வித்தியாசம் கையில் தெரியும். ஆனால் மாதம் ஐம்பது கார்டுக்குக் கீழே செய்கிறவருக்கு அந்தக் காசு ஒரு நல்ல சால்டரிங் ஸ்டேஷனுக்குப் போகட்டும்.

உருளை மூக்குக் கொறடு வேண்டாமா? வேண்டும், வேறு வேலைக்கு. உருண்டைத் தாடையும் உருண்டைக் காலும் ஒரு புள்ளியில்தான் தொடும். பிடித்த இடம் பள்ளமாகும். ஒற்றைத் தாடையைச் சுற்றிக் காலில் ஒரு நெளிவு போடத்தான் அது லாயக்கு. ஒரு வாட்டும் அதற்கு மேலும் சூடு விடும் ரெசிஸ்டர் போர்டைத் தொடாமல் குறைந்தது 1.5 மி.மீ. தூக்கி நிற்க வேண்டும். இரண்டு காலிலும் நெளிவு போட்டால் துளை வாயில் தடுத்து, தானாகவே தூக்கி நிற்கும். ஹைலம் (பிசினில் தோய்த்து அழுத்திய அட்டை) போர்டில் கரிந்த வட்டத்தோடு ரிப்பேருக்கு வரும் ஸ்டார்ட்டர் கார்டுகளைத் திருப்பிப் பார்த்தால், வோல்டேஜைக் குறைக்கப் போட்ட டிராப்பர் ரெசிஸ்டர் நெளிவு இல்லாமல் படுத்துக் கிடக்கும்.

இப்போது கேஜ், அதாவது காலை மடக்கும் அளவுக் கட்டை. ஒரே அளவில் இருபது ரெசிஸ்டர் மடக்க வேண்டுமென்றால் கொறட்டைத் தொடவே வேண்டாம். படிப்படியாக வெட்டிய பிளாஸ்டிக் கேஜ் கடையில் கிடைக்கும், ஒன்று வாங்கி வையுங்கள். ஆனால் அன்றாட அளவுக்கு மூன்று மி.மீ. ஹைலம் துண்டில் நாமே செய்துகொள்வதுதான் எங்கள் ஓட்டு. ரெசிஸ்டரைத் துண்டின் மேல் குறுக்கே படுக்க வைத்து, இரண்டு காலையும் ஓரங்களில் கீழே மடக்க வேண்டும். அதன் கணக்கு இப்படி.

துளைக்குத் துளை 10.16 மி.மீ., கால் 0.6 மி.மீ. என்றால் இரண்டு காலுக்கும் நடுவே உள்ளிடைவெளி 9.56. துண்டின் அகலத்தை 9.5 ஆக அராவி வெர்னியரில் பாருங்கள். நடுவில் ரெசிஸ்டர் உடல் படுக்க 7 மி.மீ. நீளத்துக்கு, 1.2 மி.மீ. ஆழத்துக்குப் பள்ளம்; கால் துண்டின் மேல்முகத்தில் தட்டையாகப் படிய வேண்டும், அதுதான் ஆழத்தின் அளவுகோல். இரண்டு ஓரமும் 0.6 மி.மீ. ஆரத்துக்கு உருட்டல். பக்கச் சுவரைக் கீழே போகப் போகச் சற்று உள்வாங்கி அராவுங்கள். கால் மடக்கியதும் கொஞ்சம் திரும்பி விரியும், இரும்புக் கருவுள்ள கால் இன்னும் அதிகமாக விரியும். உள்வாங்கிய சுவர் இருந்தால் விரலால் ஒரு பொட்டு கூடுதலாக அழுத்தி ஈடு கட்டலாம்.

இதே கணக்கைப் போட்டால் ஒரு டிசைன் தப்பும் பிடிபடும். சாதாரண 1/4 வாட் ரெசிஸ்டர் உடல் 6.3 மி.மீ. 9.5 அகலத்தில் ஒரு பக்கத்துக்கு 1.6 மிச்சம், ஆரத்துக்கு 0.6 போக 1.0 மி.மீ. நேராக நிற்கிறது, போதும். அதே ரெசிஸ்டரை 7.62 துளைக்கு மடக்கச் சொன்னால் ஒரு பக்கத்துக்கு 0.35 தான் மிஞ்சும், ஆரத்துக்கே இடமில்லை. அப்படி வரும் போர்டுக்கு எந்தக் கொறடும் உதவாது. மூன்றரை மி.மீ. உடலுள்ள மினி ரெசிஸ்டரை வாங்குங்கள், இல்லை போர்டு வரைந்தவரிடம் சண்டை போடுங்கள்.

1என்4007 டயோடுக்கு அதே 10.16 தாராளம், ஆனால் கால் தடிமன் என்பதால் 9.3 மி.மீ.யில் தனித் துண்டு வேண்டும். பெரிய டயோடான 1என்5408 வேறு கதை: கால் 1.3 மி.மீ., விரலுக்கு மடங்காது. உடல் 9.5 வரை வரும். இரண்டு பக்கமும் நேர்த்துண்டு 1.3, ஆரம் 2.6, காலின் பாதித் தடிமன் 0.65 என்று கூட்டிப் பார்த்தால் 18.6 மி.மீ. ஆகும். அதற்குக் குறைந்து துளை போட்டால் கண்டிப்பாக உடலை நெருக்கி மடக்குவார்கள்.

அளவு ஒரு மி.மீ. தவறினால் என்ன, அமுக்கினால் போய்விடுமே என்பார்கள். போய்விடும். ஆனால் கால் ஸ்பிரிங் மாதிரி இழுத்துக்கொண்டே இருக்கும். ஒற்றைப் பக்கச் செம்பு போர்டில் அந்த இழுப்பைத் தாங்குவது துளையைச் சுற்றியுள்ள செம்பு வட்டமான ஒரு சின்ன பேடு மட்டும்தான். மோட்டார் ரூமில் அது இரண்டு வருஷம் தள்ளும். தறிக்குடோனில் நாளெல்லாம் குலுங்கும்போது காலைச் சுற்றி ஈயத்தில் வட்ட விரிசல் விழுந்துவிடும். தட்டினால் ஓடும், விட்டால் நிற்கும். அந்தக் கார்டை மறுபடி சூடு வைத்து அனுப்பினால் திரும்பவும் வரும். காலை உருவி, சரியான அளவுக்குப் புதுசாக மடக்கிப் போட வேண்டும்.

டிஓ 220 வகை (ஹீட் சிங்க்கில் முடுக்கும் தகடும் மூன்று காலும் உள்ளது) ரெகுலேட்டர், டிரையாக்கில் அகலத் தட்டை மூக்கு கட்டாயம். மூன்று காலையும் ஒன்றாகப் பிடித்து, உடலிலிருந்து 3 மி.மீ. தள்ளி, கால் குறுகும் இடத்துக்கு அப்புறம் மடக்குங்கள். ஒரே ஒரு முறை. பக்கவாட்டில் வளைக்கவே கூடாது. ஹீட் சிங்க்கில் ஸ்க்ரூ முடுக்கிய பிறகுதான் ஈயம். எல்இடிக்கும் எபாக்சி அடியிலிருந்து 3 மி.மீ., அதுவும் ஈயம் வைக்கும் முன்னால்.

டேப்பில் வரும் ரெசிஸ்டரைப் பிடுங்கி எடுக்காதீர்கள். காலில் பசை ஒட்டினால் அங்கே ஈயம் பிடிக்காது. டேப்பை ஒட்டி நிப்பரில் வெட்டி எடுங்கள். டயோடுகளில் இரும்புக் கருவுள்ள கால் நிறைய வருகிறது, காந்தம் வைத்தால் ஒட்டும். அதற்கென்று பழைய நிப்பர் ஒன்று தனியாக இருக்கட்டும். இல்லாவிட்டால் நல்ல நிப்பரின் வாய் பொக்கையாகிவிடும்.

கடைக்குப் போகும்போது சட்டைப் பையில் நாலு ரெசிஸ்டரும் ஒரு பத்து மடங்கு லென்ஸும் எடுத்துப் போங்கள். கோயமுத்தூர் காந்திபுரம் பக்கம் கேட்கிற மாதிரியே, “ஏனுங்ண்ணா, மூக்குல பல்லு இல்லாத சின்னக் கொறடு இருக்குதுங்களா?” என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள், கொறடு என்று மட்டும் சொன்னால் ஆறு இஞ்சைத்தான் எடுத்துப் போடுவார்கள். மூடி வெளிச்சத்தில் பிடியுங்கள்: நுனி முதலில் சேர்ந்து, அழுத்தினால் பின்பக்கம் சேர வேண்டும். ரெசிஸ்டர் காலைப் பிடித்து விட்டு லென்ஸில் பாருங்கள். கோடு தெரிந்தால் அடுத்த உருப்படியைக் கேளுங்கள். பக்கவாட்டில் ஆட்டினால் ஆடுகிற கொறடு என்ன விலைக்கு வந்தாலும் வேண்டாம்.

பராமரிப்பில் எங்கள் ஊருக்கென்று ஒரு தொல்லை உண்டு: பஞ்சு. எண்ணெய் விட்ட இணைப்பில் பஞ்சுத்தூசியும் ஃப்ளக்ஸும் சேர்ந்தால் பசைக்கட்டியாகி ஸ்பிரிங் திறக்காது. வாரம் ஒருமுறை ஐபிஏவில் (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) கழுவி, தையல் மெஷின் ஆயில் ஒரே ஒரு சொட்டு விட்டு, மூக்கைத் துணியால் வழித்துத் துடைத்துவிடுங்கள். திருப்பூர்க்காரருக்கு அந்த ஆயிலுக்குப் பஞ்சமில்லை என்பதற்காக அள்ளி ஊற்றினால் அது காலில் ஏறி, ஈயம் சரியாகப் பிடிக்காத டிரை சால்டர் ஆகும்.

ஹைலம் துண்டு தேயும். ஓரத்தில் கால் படுகிற இடம் பளபளவென்று குழிந்து, மடக்கிய ரெசிஸ்டர் துளையில் இறங்கும்போது ஒரு பக்கம் இடிக்க ஆரம்பித்தால் துண்டை மாற்றும் நேரம். அளவை மார்க்கரில் எழுதாதீர்கள், ஐபிஏ பட்டதும் அழிந்துவிடும். ஊசியால் கீறி வையுங்கள்.