பரம்பரைப் பேர் தேடுறவைக்கு: நூலகம் தளத்தில தேடிப் பாத்த என்ர அனுபவம்

கனடாவில இருக்கிற சித்தப்பான்ர மகன் போன் எடுத்து, "அக்கா, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில குடும்ப மரம் கீறிக்கொண்டு வரச் சொல்லியிருக்கினம், எங்கட சர்நேம் உள்ள ஆக்கள் திருகோணமலையில வேற ஆர் ஆர் இருக்கினம் எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ" எண்டான். சரி, ரெண்டு நாள் வேலை எண்டு நினைச்சுத் தொடங்கினது ஒன்றரை மாசம் இழுத்திட்டுது. இப்பிடித் தேடுற ஆக்கள் கனபேர் இருக்கினம் எண்டு தெரியும், அவைக்கு உதவட்டும் எண்டுதான் இதை எழுதுறன்.

முதல்ல ஒண்டை விளங்கிக்கொள்ள வேணும். அவன் சர்நேம் எண்டு சொல்லுறது எங்கட அப்பப்பான்ர பேர். உண்மையான பேரைப் போட விருப்பமில்லை, கந்தையா எண்டு வச்சுக்கொள்ளுங்கோவன். அப்பப்பாவுக்கு அது சொந்தப் பேர், அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் அது பேருக்கு முன்னால நிக்கிற இனிஷியல், சித்தப்பா கனடாவுக்குப் போய்ப் படிவம் நிரப்பேக்க கடைசிப் பேர் எண்ட பெட்டிக்குள்ள அதைப் போட்டார், அதோட அங்க பிறந்த எல்லாருக்கும் அதுவே நிரந்தரமாப் போச்சு. லண்டனில இருக்கிற பெரியப்பான்ர மகனுக்குக் கடைசிப் பேர் பெரியப்பான்ர பேர். எனக்கு முந்தி அப்பான்ர பேர், கலியாணத்துக்குப் பிறகு இவற்ற பேர். ஒரே வீட்டுப் பிள்ளையள் நாங்கள், மூண்டு பேருக்கு மூண்டு சர்நேம். அதேநேரம் கந்தையா எண்ட பேரில எங்களோட ஒரு சொந்தமும் இல்லாத ஆக்கள் பருத்தித்துறையில இருந்து பொத்துவில் வரைக்கும் இருப்பினம். அப்ப பேரை மட்டும் வச்சுத் தேடினா என்ன வரும்?

வந்ததைச் சொல்லுறன். காசு கட்டித் தேடுற வெளிநாட்டுத் தளம் ஒண்டு, பேர் சொல்ல விரும்பேல்ல, ரெண்டு கிழமை இலவசம் எண்டு போட்டிருந்தது, காட் நம்பரைக் குடுத்தன், நிப்பாட்ட மறந்து காசும் போச்சு. கந்தையா எண்டு அடிச்சா பக்கம் பக்கமா ஆக்கள் வருகினம், ஆர் எந்த ஊர் எண்டு ஒரு விபரமும் இல்லை. அதுக்குள்ள அந்தப் பேருக்கு ஒரு குடும்பச் சின்னமும் விக்கினம், சிங்கமும் கேடயமும் போட்ட படம். எங்கட அப்பப்பா தம்பலகாமத்தில வயல் செய்த மனுசன். பிள்ளை அந்தப் படத்தைப் பாத்து ஆசைப்பட்டுக் கேட்டிட்டுது எண்டு தம்பி சொல்ல எனக்குச் சரியான கவலையாப் போச்சு, பிள்ளைக்கு உண்மையா ஏதாவது எடுத்துக் குடுக்க வேணும் எண்ட எண்ணம் அப்பதான் வந்தது.

அதுக்குப் பிறகுதான் நூலகம் தளத்துக்கு வந்தன். 2005ல தொடங்கினது, இலங்கைத் தமிழ் பேசுற ஆக்களின்ர புத்தகம், சஞ்சிகை, பேப்பர், கோயில் மலர் எல்லாம் ஸ்கான் பண்ணிப் போட்டிருக்கினம், ஒரு சதமும் வாங்கிறேல்ல. 1981ல யாழ்ப்பாண நூலகம் எரிஞ்ச பிறகு எங்கட சனத்துக்கு இப்பிடி ஒண்டு எவ்வளவு தேவை எண்டு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. படிக்கிற பிள்ளையளுக்கான தளம் எண்டுதான் நானும் இவ்வளவு நாளும் நினைச்சிருந்தன். சொந்தக்காரரைத் தேடுறவைக்கு அதில இருக்கிற பெரிய பொக்கிஷம் நினைவு மலர்கள். நாங்கள் கல்வெட்டு எண்டு சொல்லுவமே, முப்பத்தொண்டுக்கு அடிச்சுக் குடுக்கிற புத்தகம், அதுதான்.

வீட்டில இருக்கிற கல்வெட்டு ஒண்டை எடுத்து விரிச்சுப் பாருங்கோ. முன்பக்கம் படம், பிறகு தேவாரம், திருவாசகம், நாங்கள் அதோட மூடி வச்சிடுவம். ஆனா நடுவில ஆளின்ர வாழ்க்கை வரலாறு இருக்கும், இன்னாரின்ர பேரன், இன்னாருக்கும் இன்னாருக்கும் மகன், இன்ன ஊரில கலியாணம் செய்தவர், மருமக்கள் ஆர், சகோதரங்கள் ஆர் எண்டு எல்லாம் ஒழுங்கா எழுதியிருப்பினம், சிலதில வம்சாவழியே கீறியிருக்கும். பேப்பரில வாற மரண அறிவித்தலும் இப்பிடித்தான், "காலஞ்சென்ற இன்னார் தம்பதிகளின் அன்பு மகனும்" எண்டு தொடங்கி மைத்துனர் வரைக்கும் போகும். சர்நேம் இல்லாத எங்கட சனம் சொந்தத்தை எழுதி வச்சது இந்த வசனங்களுக்குள்ளதான்.

அதால நான் பேரை விட்டிட்டு ஊரைப் போட்டுத் தேடினன். தம்பலகாமம் எண்டு அடிச்சு வந்ததுகளுக்குள்ள நினைவு மலரை மட்டும் பிரிச்சு எடுத்து ஒவ்வொண்டா வாசிச்சன். பக்கங்கள் படமா இருக்கிறதால உள்ளுக்குள்ள இருக்கிற பேரை எல்லாம் தேடுற பெட்டி பிடிச்சுத் தரும் எண்டு நம்பி இருக்கேலாது, கண்ணாலதான் வாசிக்க வேணும், போனில கஷ்டம், லப்டொப்பில பாருங்கோ. இன்னொண்டு, ஆளுமைகள் எண்டு ஒரு பகுதி இருக்கு, எழுத்தாளர், வாத்திமார், கலைஞர் எண்டு கனபேரின்ர விபரம், அதில தந்தை, தாய், ஊர் எண்டு தனித்தனியாப் போட்டிருக்கினம். எங்களுக்குத் தகப்பன்ர பேரும் ஊரும் சேந்தாத்தான் ஆளைப் பிடிக்கலாம், அதைத் தெரிஞ்ச எங்கட ஆக்களே செய்ததாலதான் அப்பிடி இருக்கு.

அஞ்சாறு நாளுக்குப் பிறகு ஒரு கல்வெட்டு ஆம்பிட்டுது. பேர் எனக்குத் தெரியாத பேர். வரலாற்றில பேரனார், அதாவது பாட்டனார் எண்டு போட்டிருந்த பேரையும் ஊரையும் பாத்த உடன நெஞ்சு திக்கெண்டுது, அது எங்கட அப்பப்பான்ர தகப்பன். அப்ப செத்தவர் அப்பப்பான்ர தமையன்ர மகன், அப்பாவுக்கு ஒண்டுவிட்ட அண்ணன். திகதி எங்கயும் இலக்கத்தில இல்லை, செத்த நாளைப் பாட்டாச் சொல்லுற திதி வெண்பா மட்டும்தான். நாலு வரிக்குள்ள வருஷம், மாசம், பூர்வபக்கமா (வளர்பிறை) அபரபக்கமா (தேய்பிறை), என்ன திதி எண்டு எல்லாம் வந்திடும். ஆனந்த வருஷம் ஆவணி எண்டு இருந்தது. தமிழ் வருஷம் அறுபதுக்கு ஒருக்காத் திரும்பி வாறதால ஆனந்த எண்டா 1914ம் இருக்கும் 1974ம் இருக்கும், அதைக் கவனிக்காட்டி ஒரு தலைமுறை முழுக்கப் பிழைச்சுப் போகும். பிள்ளையளின்ர பேருக்குப் பக்கத்தில பாங்க், தபால் கந்தோர் எண்டு வேலையும் போட்டிருந்ததால 1974 எண்டு முடிவெடுத்தன்.

இங்கிலீசில பதிஞ்ச பழைய பதிவுகள் தேடுறவை பமிலிசேர்ச் எண்ட தளத்தையும் பாக்கலாம், அதுவும் காசில்லை, கணக்கு ஒண்டு திறந்தாச் சரி. அங்க எழுத்துக்கூட்டல்தான் பிரச்சினை, கந்தையாவை நடுவில டி மட்டும் போட்டும் எழுதுவினம், டிஎச் போட்டும் எழுதுவினம், அதால தெரியாத எழுத்துக்குப் பதிலா நட்சத்திரக் குறி போட்டுத் தேடுங்கோ, எல்லாம் சேந்து வரும். திருகோணமலையில பாலையூற்றுப் பக்கம் இருக்கிற, போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் வழி வந்த பறங்கி ஆக்களுக்கு எண்டா சர்நேம் பிடிச்சே போகலாம், அவைக்குக் குடும்பப் பேர் தலைமுறை தலைமுறையா அப்பிடியே இறங்கி வருது. ஒல்லாந்தப் பறங்கியரின்ர சங்கம் நூறு வருஷத்துக்கு முந்தியே கொழும்பில தொடங்கி, தங்கட சஞ்சிகையில குடும்பம் குடும்பமா வம்சாவழி அச்சடிச்சு வச்சிருக்கினம், பாக்க ஆசையா இருக்கும். தோம்பு, அதாவது ஒல்லாந்தர் காலத்துக் காணி, குடும்பப் பதிவேடு பாக்கிறதெண்டா கொழும்பு 7ல இருக்கிற தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குத்தான் போக வேணும், எனக்கு அவ்வளவு தூரம் தேவைப்படேல்ல.

பிறப்புச் சான்றிதழையும் மறந்திடாதேங்கோ. எங்கட நாட்டுப் பிறப்புப் பதிவில பாட்டனார் இலங்கையில பிறந்திருந்தா அவற்ற பேர், பிறந்த வருஷம், பிறந்த இடம் எண்டு ஒரு நிரல் இருக்கு. அப்பான்ர பதிவுப் பிரதியை அலுமாரிக்குள்ள இருந்து எடுத்து அந்த நிரலையும் கல்வெட்டையும் பக்கத்தில பக்கத்தில வச்சுப் பாத்தன், பேரும் ஊரும் அப்பிடியே பொருந்திச்சுது. இடம்பெயர்ந்து போகேக்கயும், சுனாமியிலயும் இதுகளைத் துலைச்ச வீடுகள் எங்கட பக்கம் எத்தினை. உங்களிட்ட இருந்தா இண்டைக்கே ஒரு படம் எடுத்து வையுங்கோ.

நூலகம் தளத்துக்கு நான் அஞ்சுக்கு அஞ்சும் குடுப்பன். ஒரு மாசம் கட்டின காசால கிடைக்காதது அங்க சும்மா கிடைச்சுது. திருகோணமலைக் கல்வெட்டுகள் இன்னும் கூட வரவேணும், அது எங்கட கையிலதான் இருக்கு, வீட்டு வீட்டுக்கு அலுமாரித் தட்டில கிடக்கிறதை நாங்கள் குடுத்தாத்தானே அவை ஸ்கான் பண்ணிப் போடலாம்.

அந்தக் கல்வெட்டில கடைசி மகள் திருகோணமலையில கலியாணம் செய்தவ எண்டு இருந்தது. மாமியிட்ட விசாரிச்சன், மாமி இன்னொருத்தரைக் கேட்டா, கடைசியில பாத்தா பத்திரகாளி கோயிலில வெள்ளிக்கிழமையில நான் எத்தினையோ வருஷமாக் காணுற அக்காதான் அவ. நேர நிண்டு சிரிச்சிருக்கிறம், சொந்தம் எண்டு ரெண்டு பேருக்கும் தெரியாது. எங்கட பேருக்குப் பின்னால நிக்கிற ஒரு பேரும் மற்றவவோட ஒத்து வராது. போன ஞாயிற்றுக்கிழமை அவ வீட்டுக்குப் போனன், பொலித்தீன் பையில சுத்தி வச்சிருந்த தன்ர அப்பாவின்ர கல்வெட்டை எடுத்துக்கொண்டு வந்தா, ஸ்கானில மங்கலாத் தெரிஞ்ச பக்கம் அதில வடிவா இருந்தது, சிறிய தந்தையார் எண்டு போட்டு எங்கட அப்பப்பான்ர பேர். அதைப் படம் எடுத்துக் கனடாவுக்கு அனுப்ப, பிள்ளை அந்தப் பேரை எழுத்துக்கூட்டி வாசிச்சு வொய்ஸ் அனுப்பியிருந்தது, அக்கா அதை ரெண்டு தரம் போடச் சொல்லிக் கேட்டா.