வானியல் முதுகலை: பல்கலை நகரா, இந்தூரா, ஹைதராபாத்தா?

மதுரையில் பி.எஸ்சி. இயற்பியல் முடிப்பவர் வானியல் பக்கம் போக மூன்று அரசு வழிகளை யோசிக்கலாம். பல்கலை நகரில் இருக்கும் காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. இயற்பியல் படித்து, முனைவர் பட்டத்தில் வானியலுக்கு மாறுவது ஒன்று. ஐ.ஐ.டி. இந்தூரில் எம்.எஸ்சி. வானியல் இரண்டாவது. ஹைதராபாத் உஸ்மானியாவில் வானியலுக்கென்றே இருக்கும் துறை மூன்றாவது.

இந்தூருக்கு எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வான ஜாமின் இயற்பியல் தாள்தான் வாசல். 3 மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண். நம் பிள்ளைகள் கோட்டைவிடுவது பாடத்தில் அல்ல, தேதியில். தேர்வு பிப்ரவரியில் நடக்கும். விண்ணப்பமோ ஐந்தாம் செமஸ்டரிலேயே முடிந்துவிடும். ஏப்ரல் தேர்வு எழுதிவிட்டு விசாரித்தால் ஒரு வருடம் போச்சு. இன்னொன்று: ஒரு விடை கேள்விகளில் மட்டுமே தவறுக்கு மதிப்பெண் குறையும். பல விடை கேள்விகளிலும் எண் விடை கேள்விகளிலும் குறையாது. அவற்றை வெற்றாக விடுவது வீண்.

உஸ்மானியாவுக்குத் தெலங்கானாவின் முதுகலை நுழைவுத் தேர்வான சிபிஜெட். வெளிமாநிலத்தவருக்கு எத்தனை இடம் என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

பட்டத்தின் பெயருக்கு ஆசைப்படுமுன் ஒன்று. ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் உதவிப் பேராசிரியர் தகுதிக்குமான சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் வானியலுக்குத் தனித் தாள் கிடையாது, இயற்பியல் அறிவியல் தாளைத்தான் எழுத வேண்டும். முனைவர் படிப்புக்கான நுழைவுத் தேர்வான ஜெஸ்ட்டும் அப்படியே. குவாண்டம், மின்காந்தவியல், புள்ளியியல் இயக்கவியல் மூன்றும் கைவசமில்லாத வானியல் பட்டதாரி அங்கே திணறுவார். தமிழ்நாட்டில் ஆசிரியர் பணி மனதில் இருந்தால், அந்தப் பட்டம் இயற்பியலுக்கு இணை என்று அரசாணை உண்டா என்பதைச் சேருமுன்பே பாருங்கள். ஆராய்ச்சிதான் என்று உறுதியாக இருந்து, ஜாமில் நல்ல ரேங்கும் வந்தால் இந்தூர். இல்லையென்றால் மதுரையே போதும் என்பது எங்கள் கணிப்பு.

மதுரை வழியில் குறை, வானத்துத் தரவைத் தொடாமலே இரண்டு வருடம் ஓடிவிடுவது. அதைப் பிராஜெக்ட்டில் சரிக்கட்டலாம். கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1904 முதல் எடுத்த சூரியப் படங்கள் டிஜிட்டலாகக் கிடைக்கின்றன. ஒரு கரும்புள்ளிக் கூட்டம் தினமும் எத்தனை டிகிரி நகர்கிறது என்று அளந்தால் சுமார் 13 வரும். வெவ்வேறு அட்சரேகைகளில் அளந்தால் நடுக்கோட்டுப் பகுதி வேகமாகச் சுழல்வது தெரியும். பிழை இரண்டு இடத்தில் வரும். விளிம்பருகே புள்ளி சப்பையாகத் தெரிவதால் நடுத் தீர்க்கரேகையிலிருந்து 60 டிகிரிக்கு அப்பால் போனதை விட்டுவிட வேண்டும். அடுத்தது, சூரியனின் வடக்கு நம் வடக்கிலிருந்து 26 டிகிரி வரை சாய்ந்து தெரியும். தேதிவாரியாக அதைத் திருத்தாவிட்டால் அட்சரேகை மொத்தமும் தப்பு. முதல் பத்துப் படங்களையாவது கையால் அளந்துவிட்டுப் பைத்தான் நிரலுக்குப் போங்கள்.