‘டிஎஸ்பி போட்டா கரகரப்பு போயிடும்’னு சொல்ற கடைகளிடம் உஷார்

சவுண்ட் சர்வீஸ் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு. வால்யூம் ஏற்றினால் என் 18 இன்ச் பேஸ் பாக்ஸ் இரண்டும் கரகரத்தன. “ப்ராசசர் ஒண்ணு போடுங்கண்ணே, டிஸ்டார்ஷன் ஜீரோ” என்று 38 ஆயிரம் வாங்கிக்கொண்டு ஒரு கடையிலிருந்து வந்து டிஎஸ்பியை, அதாவது ஆம்ப்ளிஃபையருக்கு (ஆம்ப்) முன்னால் சிக்னலைத் திருத்தும் டிஜிட்டல் ப்ராசசரை, மாட்டினார்கள்.

மைக் வைத்து, லேப்டாப்பில் மேடும் பள்ளமுமாக இருந்த கோட்டை நேராக்கிக் காட்டினார்கள். பார்க்க ஜோராகத்தான் இருந்தது. ஆனால் எந்த ஃப்ரீக்வென்சி எவ்வளவு சத்தமாக வருகிறது என்பதுதான் அந்தக் கோடு. டிஸ்டார்ஷன் வேறு சமாச்சாரம். 50 ஹெர்ட்ஸ் டோன் மட்டும் கொடுத்தாலும் 100, 150 என்று நாம் கொடுக்காததும் ஸ்பீக்கரிலிருந்து சேர்ந்து வருமே, அது. ஃப்ரீக்வென்சி வாரியாகச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரைத் திருகி அதை எடுக்க முடியாது.

அடுத்த கோவில் திருவிழாவில் ரீமிக்ஸ் பாட்டு போட்டதும் ‘டக் டக்’. பிரித்துப் பார்த்தால் ஸ்பீக்கரை ஆட்டும் கம்பிச் சுருளான வாய்ஸ் காயிலின் அடி விளிம்பு நசுங்கி, கம்பி உரிந்து கிடக்கிறது. “ஓவரா ஏத்தியிருப்பீங்க, வாரண்டி வராது” என்றார்கள். செட்டிங்கைப் பார்க்கலாம் என்றால் பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டு! வேறொரு டெக்னீஷியன் ப்ராசசரின் இன்புட், அவுட்புட்டை அளந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. கோட்டை நேராக்க 30 ஹெர்ட்ஸில் 9 டெசிபல் ஏற்றியிருக்கிறார்கள். அந்த இடத்தில் ஆம்ப் 8 மடங்கு பவர் தள்ள வேண்டும். என்னுடையது காற்றுத் துவாரம் வைத்த போர்ட் பாக்ஸ், அதன் ட்யூனிங் 42 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே ஸ்பீக்கரின் ஆடும் கூம்பான கோனை அடக்கிப் பிடிக்க உள்ளே இருக்கும் காற்றால் முடியாது, கண்டபடி ஆடும். அடிமட்ட ஃப்ரீக்வென்சியை வெட்டிவிடும் ஹை-பாஸ் ஃபில்டரும் இல்லை.

டிஎஸ்பியால் டிஸ்டார்ஷனைக் குறைக்கவே முடியாதா என்றால், முடியும். ஜெர்மனியின் டிரெஸ்டனில் ஸ்பீக்கர் ஆய்வாளர் வோல்ஃப்காங் கிளிப்பல் பல வருடமாகச் செய்வது அதைத்தான். கோன் முன்னும் பின்னும் போகும்போது காந்த விசையும் கோனைத் தாங்கும் சஸ்பென்ஷனின் விறைப்பும் எப்படி மாறுகின்றன என்று அந்த ஸ்பீக்கரிலேயே அளந்து, எதிர்த் திரிபை சிக்னலில் முன்கூட்டியே கலக்க வேண்டும். காயில் சூடானால் கணக்கு மாறும். அதனால் அதில் ஓடும் கரண்டையும் கவனித்தபடி இருக்க வேண்டும். செல்போனில் இருக்கும் ஸ்மார்ட் ஆம்ப் சிப்கூட கரண்டை அளக்கிறது. ஆம்ப்புக்கு முன்னால் ரேக்கில் உட்கார்ந்திருக்கும் பெட்டிக்குக் காயில் சங்கதி எப்படித் தெரியும்? கோன் போகும் தூரம் முடிந்துவிட்டால் எந்த டிஎஸ்பியும் கைவிரித்துவிடும், அது தனிக் கதை.

யாராவது மாட்ட வந்தால், முன்னும் பின்னும் ஒரே சத்தத்தில் டிஸ்டார்ஷன் சதவீதத்தை அளந்து காட்டச் சொல்லுங்கள். ஹை-பாஸ், லிமிட்டர் (சிக்னல் அளவு மீறாமல் தடுப்பது) எண்களையும் பாஸ்வேர்டையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். கோனும் காயிலும் மாற்றும் ரீகோன் செலவு இப்போது என் தலையில். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடித்துப் புகார் பதிந்திருக்கிறேன்.