ராசா, மந்திரம், காதல்: மூண்டில எது கனகாலம் உழைக்குது?

முதல்லயே சொல்லிப்போடுறன், இது ஒரு தனிப் புத்தகத்தைப் பற்றின ரிவியூ இல்ல. ராசா காலத்து அரண்மனை, அதுக்குள்ள சதி, கொஞ்சம் மந்திரம், கொஞ்சம் காதல் எண்டு எல்லாத்தையும் ஒண்டாப் போட்டுக் குழைச்ச சரித்திர ஃபேன்டஸி இருக்கெல்லோ, அந்த முழு வகையையுமே ஓ-லெவல் படிச்ச காலத்தில இருந்து இண்டைக்கு வரைக்கும் விடாம வாசிச்சுக்கொண்டு வாறன், அச்சில, போனில, ஈ-ரீடரில, காதில எண்டு எல்லா விதத்திலயும். வாசிச்சு முடிச்ச சூட்டோட எழுதுற ரிவியூ கனக்கக் கிடக்கு, அழுதிட்டன், நித்திரையே கொள்ளேல்ல, அஞ்சு ஸ்டார் எண்டெல்லாம். பத்து வருஷம் கழிச்சு அதே கதையைத் திருப்பி எடுத்தா அதில என்ன மிஞ்சியிருக்கு எண்டுதான் ஆரும் சொல்லக் காணேல்ல.

எனக்கு மிஞ்சினது சதி. மந்திரம் கெதியாப் பழசாகுது. காதலைப் பற்றி கொஞ்சம் பொறுத்துச் சொல்லுறன், அதில எனக்கும் அக்காட மகளுக்கும் இன்னும் வழக்கு முடியேல்ல.

மந்திரம் ஏன் பழசாகுதெண்டா, முதல் தரம் வாசிக்கேக்க எங்களைப் பிடிச்சு வச்சிருக்கிறது அதின்ர புதுமைதான், மோதிரத்தைப் போட்டா ஆள் மறையுறான், கண்ணாடிக்குள்ள இன்னொரு ஊர் தெரியுது, சரி நல்லது, ரெண்டாந்தரம் அது தெரிஞ்ச விஷயம். அதைவிடப் பெரிய கரைச்சல், எழுதுறவர் மாட்டுப்பட்ட இடத்தில மந்திரத்தை எடுத்து விடுறது. மந்திரி, தளபதி, பட்டத்து ராணி எல்லாரும் சேர்ந்து நாப்பது அத்தியாயமா ஒரு முடிச்சைப் போடுவினம், கடைசியில ஒரு சாமியார் வந்து விபூதியை ஊதி அவிட்டு விட்டிட்டுப் போவார். அப்ப அந்த நாப்பது அத்தியாயத்தையும் நான் என்னத்துக்கு வாசிச்சனான்? இப்ப புதுசா ஒண்டை எடுத்தா நான் பாக்கிறது ஒண்டுதான், இந்த மந்திரம் அரண்மனைக்குள்ள இருக்கிற சிக்கலை லேசாக்குதா, இல்ல இன்னும் இறுக்குதா. இறுக்கினா அந்தப் புத்தகம் வீட்டில நிக்கும், லேசாக்கினா ஆருக்கும் குடுத்திடுவன்.

இதுக்கு வெளிநாட்டு உதாரணம் ஒண்டும் தேவையில்ல. பாளியில எழுதின எங்கட பழைய இலங்கைச் சரித்திர நூல் மகாவம்சத்தின்ர ஏழாம் அத்தியாயத்தை ஒருக்கா வெறும் கதையா மட்டும் வாசிச்சுப் பாருங்கோ (அது வரலாறோ இல்லையோ எண்டு அடிபடுறவை அங்கால போய் அடிபடட்டும்). இளவரசன் விஜயனும் ஆக்களும் கப்பலால இலங்கையில இறங்கிக் களைச்சுப்போய் இருக்கினம், துறவி வேஷத்தில ஒரு தேவன் வந்து தண்ணி தெளிச்சுக் கையில நூல் கட்டி விடுறார். பிறகு ஒரு யட்சிணி நாய் ரூபத்தில வாறாள், நாய் நிண்டா பக்கத்தில ஊர் இருக்கும் எண்டு நினைச்சு ஒருத்தன் பின்னால போறான், போனா குளத்தடியில ஒரு மரத்துக்குக் கீழ குவேனி எண்ட யட்சிணி இருந்து நூல் நூக்கிறாள். ஆளைப் பிடிச்சிட்டாள், ஆனா கையில அந்த நூல் இருக்கிறதால தின்ன ஏலாது, தூக்கி ஒரு பாதாளத்துக்குள்ள போடுறாள், அப்பிடியே ஒருத்தன் பின்னால ஒருத்தனா எழுநூறு பேரும் உள்ள. விஜயன் தேடி வந்து பாத்தா குளத்துக்கு வந்த அடி இருக்கு, திரும்பிப் போன அடி ஒண்டுகூட இல்ல. எத்தினை தரம் வாசிச்சாலும் இந்த இடத்தில எனக்கு மயிர் கூச்செறியும்.

அந்த நூலைப் பாருங்கோ, அதுக்கு ஒரு அளவு இருக்கு. தின்ன விடாது, ஆனா பிடிபடாமக் காப்பாத்தாது. இண்டைக்கு எழுதுற கன பேருக்கு இந்த அளவு பிடிபடேல்ல.

அதுக்குப் பிறகுதான் கதை அரண்மனைக்குள்ள வருது. யட்சர்கள் விஜயன்ர கண்ணுக்குத் தெரியமாட்டினம், குவேனி அவை நிக்கிற இடத்தில சத்தம் போடுறாள், சத்தம் வந்த பக்கம் அவன் வெட்டுறான், தன்ர சனத்தையே அவள் இப்பிடிக் காட்டிக் குடுக்கிறாள். பிள்ளையும் ரெண்டு பிறந்திட்டுது. இப்ப மந்திரிமார் வந்து முடிசூட்டோணும் எண்டு கேக்கினம், விஜயன் சொல்லுறான் சத்திரிய குலத்தில ஒரு ராணி இல்லாம ஏலாது எண்டு. உடன மதுரைக்குத் தூது போகுது, பாண்டியன் மகள் வாறாள், குவேனியைப் போகச் சொல்லியாச்சு. அவள் பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு தன்ர ஆக்களிட்டத் திரும்பிப் போறாள், உளவு பாக்க வந்திட்டாள் எண்டு அவை நினைக்கினம், அதில ஒரு யட்சன் ஒரே அடியில அவளைக் கொண்டுபோடுறான். இவ்வளவு மந்திரம் தெரிஞ்சவளை முடிச்சது ஒரு முடிசூட்டுச் சடங்கு. மூண்டு சாமானும் ஒரே கதையில இருக்கு, கடைசியில வெல்லுறது அரண்மனைக் கணக்குத்தான், அதாலதான் இது இத்தினை காலம் நிக்குது எண்டது என்ர முடிவு.

மந்திரமே இல்லாமலும் இந்த ருசி வரும். அதே மகாவம்சத்தில அனுலா எண்டு ஒரு ராணி வாறா, புருஷனுக்கு நஞ்சு வைக்கிறா, பிறகு காவல்காரன், தச்சன், விறகு சுமக்கிறவன், அரண்மனைப் புரோகிதர் எண்டு ஒவ்வொருத்தரா சிம்மாசனத்தில ஏத்தி ஒவ்வொருத்தரா நஞ்சு குடுத்து, கடைசியில தானே நாலு மாசம் ஆளுறா. கண்டிப் பக்கம் வந்தா இன்னும் நல்லது கிடக்கு. கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் 1753ல சியாமில (இண்டைய தாய்லாந்து) இருந்து பிக்குமாரைக் கூப்பிட்டுப் பௌத்த சாசனத்தை எழுப்பின ராசா. அதே ஆளைக் கொல்ல 1760ல மல்வத்தை விகாரையில திட்டம் போடுகினம், சமய நிகழ்வுக்குக் கூப்பிட்டு ஆசனத்தில இருத்துறது, ஆசனத்துக்குக் கீழ குழி, குழிக்குள்ள கூர் முனை. பதிலுக்குச் சிம்மாசனத்தில ஏத்தவும் சியாமில இருந்து வந்த ஒரு இளவரசன் ரெடி. ராசாவுக்குத் தகவல் போய்ச் சேந்திட்டுது, தப்பிட்டார். இதை ஒருத்தர் கற்பனையா எழுதியிருந்தா கொஞ்சம் ஓவர் எண்டு நானே சொல்லியிருப்பன்.

சரி, காதல். அக்காட மகள் வாசிக்கிறது முழுக்க இங்கிலிஷில வாற புது வகை, ஐநூறு வயசு அழகன் ஒருத்தன், கறுப்பு உடுப்பு, எல்லாரிலயும் எரிஞ்சு விழுவான், இவளுக்கு மட்டும் உருகுவான். நான் என்ர சோழர் காலத்துத் தடிச்ச நாவல் ஒண்டை நீட்டினா அவள் கேக்கிறாள், "சித்தி, இதில டிராகன் இருக்கா?" டிராகன் இல்ல, யானை இருக்கு எண்டன். "யானை பறக்குமா?" இதுக்கு என்ன பதில் சொல்லுறது.

ஆனா அவள் தந்ததில கொஞ்சம் நானும் வாசிச்சன், சொல்லோணும், முதல் வாசிப்பு அப்பிடி இழுக்கும், விடிய மூண்டு மணி வரைக்கும் வைக்க ஏலாமக் கிடந்தன். திருப்பி எடுத்தாத்தான் கரைச்சல். சேருவினமா மாட்டினமா எண்ட ஒரு கேள்வியிலதான் முழுப் புத்தகமும் தொங்குது, பதில் தெரிஞ்சாப் பிறகு பிடிக்க ஒண்டும் இல்ல. அரண்மனைக் கதையில கலியாணம் எண்டது நாட்டு விஷயம், அதால அங்க காதலுக்குப் பாரம் வருது. கண்டி ராசாக்கள் மதுரைப் பக்கம் பெண் எடுத்தவை, நரேந்திரசிங்கனுக்கு வாரிசு இல்லாமப் போக 1739ல அந்த ராணியின்ர சகோதரன் முடி சூடினார், நாயக்கர் ஆட்சி தொடங்கினது அப்பிடித்தான். ஒரு கலியாணம் ஒரு வம்சத்தையே மாத்திப்போடுது. அப்பிடிப்பட்ட இடத்தில ஒருத்தி ஒருத்தனை ஏறிட்டுப் பாத்தாலே வாசிக்கிற எங்களுக்கு நெஞ்சு இடிக்கும். அக்காட மகள் இதை ஒத்துக்கொள்ளமாட்டாள், அது அவளின்ர பக்கம்.

எனக்கு விளங்காத ஒண்டு, எங்கட சனம் சோழர் பாண்டியரையே சுத்திச் சுத்தி வாறது. வெள்ளவத்தையில இருந்து பஸ்ஸில போற தூரத்தில பழைய ராசதானி கோட்டே கிடக்கு. ஆறாம் பராக்கிரமபாகு வளத்த பிள்ளை செண்பகப் பெருமாள், சிங்களத்தில சபுமல் குமாரயா, 15ஆம் நூற்றாண்டு நடுவில போய் யாழ்ப்பாணத்தைப் பிடிக்கிறான், அவனுக்குக் குயிலைத் தூது விட்டுச் சிங்களத்தில ஒரு காவியமே இருக்கு. வளத்த தகப்பன் கண் மூட பேரன் சிம்மாசனத்தில ஏற, இவன் வடக்கில இருந்து இறங்கி வந்து அந்தப் பேரனைக் கொண்டுபோட்டுப் புவனேகபாகு எண்ட பேரில ஆளுறான். நல்லூர்க் கோயில்ல சொல்லுற கட்டியத்தில இண்டைக்கும் அந்தப் பேர் சொல்லுப்படுது. ஊருக்கு ஊர் செய்வினை, நூல் கட்டு, ஹூனியம் எண்டு மந்திரத்துக்கும் பஞ்சமில்லாத நாடு இது, கதிர்காமப் பெரஹராவில யானை மேல போறதே மூடி வச்ச ஒரு யந்திரம்தான். இதுக்கு மேல என்ன வேணும்?

இனி எப்பிடி வாசிக்கிறது எண்ட பக்கம். ஈ-ரீடர் நல்லா உழைச்சுது, முக்கியமா 2022ல மார்ச் முடிவில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் கட் இருந்தப்ப இருட்டுக்குள்ள இருந்து சிம்மாசனச் சண்டை வாசிச்சதை மறக்க ஏலாது. ஆனா பேர் கூடின கதைக்கு அது சரிவராது, ஆர் ஆருக்கு மச்சான் எண்டு பின்னால போய்ப் பாக்கிறதுக்குள்ள அலுத்திடும், வம்சப் படம் போட்ட புத்தகம் எண்டா அச்சிலதான் வாங்கோணும். போன் ஆப்பில தொடரா வாறது எனக்கு ஒத்துவரேல்ல, நான் பாவிச்ச ஒண்டில ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் காசு கட்டித் திறக்கோணும், அதுக்காகவே எழுதுறவை ஒவ்வொரு அத்தியாய முடிவிலயும் ஆரையாவது மயங்க விழுத்துவினம். காதில கேக்கிறது 100ஆம் நம்பர் பஸ்ஸில காலி வீதி ட்ரஃபிக்குக்குள்ள நல்லம், ஹோர்ன் சத்தத்தில ரெண்டு படைத்தலைவன்மார் ஒரே ஆள் மாதிரிக் கேக்கும், அது ஒண்டுதான்.

காசு குடுக்காமப் பாக்கோணும் எண்டா வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையில கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கு, பழைய இலங்கைப் புத்தகங்களுக்கு 'நூலகம்' எண்ட இணையத்தளத்தில தேடலாம். புதுசு வாங்க செப்டெம்பரில கொழும்பு பி.எம்.ஐ.சி.எச். மண்டபத்தில நடக்கிற புத்தகக் கண்காட்சி வரைக்கும் பொறுத்தா விலை கொஞ்சம் இறங்கும். மருதானைப் பக்கம் பழைய புத்தகக் கடையளில தமிழ் கொஞ்சமாத்தான் வரும், வந்தாலும் பாகம் பாகமாப் பிரிஞ்சுதான் கிடக்கும், அதால நாலு பாகம் எண்டா நாலையும் கையில எடுத்து, கடைசிப் பாகத்தின்ர கடைசிப் பக்கம் இருக்கோ எண்டு பாத்திட்டுத்தான் விலையே கேளுங்கோ.